ஒரு ஊசியப் போட்டு விட்ரு தாயி

(கடையநல்லூரில் முதியோர் தினத்தையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

‘கருணைக்கொலையைச் சட்டமாக்கலாமா?’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பக்கத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய், புண் கட்டி, குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வருகிறேன். அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று கண்டதைத்தான் சொல்லப்போகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடாது. அந்தச் சட்டம் நமக்கு வேண்டாம்.

எதை வேண்டாம் என்கிறேன் என்பதில் குழப்பம் வரக்கூடாது. இனி எந்த வைத்தியமும் பலிக்காது என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு, மூச்சுக் கருவியைக் கழற்றிவிட்டு ஒருவரை அமைதியாகப் போக விடுவது ஒன்று. அதை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ‘எனக்கு அப்படி ஆனால் கருவியில் போட்டு இழுக்காதீர்கள்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் அனுமதித்தார்கள். 2023-இல் அதன் நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். அதோடு எனக்குச் சண்டை இல்லை. போகிற உயிரை வாசலில் மறித்துக்கொண்டு நிற்பது வைத்தியம் ஆகாது என்பது ஐ.சி.யூ.வில் ராத்திரி டியூட்டி பார்த்த எவருக்கும் தெரியும். நான் எதிர்ப்பது அதற்கு அடுத்த படியை. தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அவர் சாகவேண்டும் என்பதற்காகவே மருந்தை ஏற்றுவதை. இன்றைக்கு நம் நாட்டில் அது குற்றம். குற்றமாகவே இருக்கட்டும்.

ஒரு வீட்டுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன், வாருங்கள்.

முன்னறையில் குழித்தறி இருந்த வீடு. நம் ஊரில் எத்தனை வீட்டில் தறிச்சத்தம் கேட்டது என்று பெரியவர்களுக்குத் தெரியும். இந்த வீட்டில் தறியைக் கழற்றி வருஷங்கள் ஆகிவிட்டன. தறிக்குழியின் மேல் பலகை அடித்து, அந்தப் பலகை மேல் ஒரு கட்டில். கட்டிலில் எழுபது தாண்டிய ஒரு அண்ணாச்சி. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. எந்தக் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு நாற்பது வருஷம் நெய்தாரோ, அதே குழிக்கு மேல் படுக்கை. மகன் வெளிநாட்டில். மருமகள் பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், முறத்தில் இலை, தூள், நூல். கண் கட்டிலில் இருந்தாலும் கை நிற்காது.

நான் முதல் நாள் போனபோது அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையில்தான் பலம் உண்டு. பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஒரு ஊசியப் போட்டு விட்ரு தாயி. போய்ச் சேந்துருதேன்.”

இரண்டாம் நாளும் அதையேதான் சொன்னார். மூன்றாம் நாளும் அதுதான்.

அறிவு தெளிவாக இருக்கிறது. வயது வந்தவர். திரும்பத் திரும்பக் கேட்கிறார். யாரும் மிரட்டவில்லை. வெளிநாட்டுச் சட்டங்கள் கேட்கிற நிபந்தனைகளில் பாதி அங்கேயே நிறைவேறிவிட்டது, கவனித்தீர்களா? ஒரு படிவமும் இரண்டு டாக்டர் கையெழுத்தும் இருந்தால் மீதியும் நிறைவேறிவிடும்.

நான் படிவம் எடுத்துக்கொண்டு போகவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தேன். வயிறு பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. ஒன்பது நாளாக மலம் போகவில்லை. நாக்கு வறண்டு, வெள்ளை படிந்து கிடந்தது. இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் படுக்கைப் புண். ‘தண்ணி குடிக்கிறாரா?’ என்று மருமகளிடம் கேட்டேன். ‘குடுத்தா வாயை மூடிக்கிடுதாங்க அக்கா’ என்றாள். அவள் அடுப்படிக்குப் போன நேரத்தில் அவரிடமே கேட்டேன். ஏன் அண்ணாச்சி தண்ணி குடிக்கிறதில்லை?

அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. “தண்ணி குடிச்சா மூத்திரம் வரும்லா. மருமவப் புள்ள பீடிய வச்சிட்டு எந்திரிச்சு வரணும். ஒரு தடவ எந்திரிச்சான்னா இருவது பீடி போயிரும் தாயி.”

இருபது பீடி! அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டிருக்கிறார். தன் மூத்திரத்துக்கு விலை இருபது பீடி என்று. அந்தக் கணக்கில் தண்ணீரைக் குறைத்தார். தண்ணீர் குறைந்ததும் மலம் கட்டியது, வயிறு வலித்தது, தூக்கம் போனது. நனைந்த துணியைச் சொல்லாமல் கிடந்ததில் புண் வந்தது. புண் வந்ததும் சாவு கேட்டார். அவர் கேட்ட ஊசி, அந்தக் கணக்கின் கடைசி வரி.

நான் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனிமா வைத்தேன், கல்லாகிக் கிடந்ததை விரலால் எடுத்தேன். சபையில் இதைச் சொல்லலாமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சாவைப் பற்றிச் சபையில் பேசலாம் என்றால் இதையும் பேசலாம். மூத்திரத்துக்கு ஆணுறை மாதிரியான உறை மாட்டி, குழாயைப் பையில் விட்டோம். மருமகள் எந்திரிக்க வேண்டியது பாதியாகக் குறைந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படித் திருப்பிப் போடுவது, முதுகுக்கு எப்படித் தலையணை அண்டக் கொடுப்பது என்று பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது அண்ணாச்சி ஊசி கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆமவடை போடுகிறார்களே, அது ரெண்டு வாங்கி வந்தாயா என்று கேட்டார்.

இப்போது நான் கேட்கிறேன். சட்டம் இருந்திருந்தால் அந்த ஆமவடை யாருக்கு?

நம் வீடுகளில் முதியவர்கள் பேசுகிற பேச்சை நாம் சரியாகக் கேட்பதில்லை. ‘போய்ச் சேந்துட்டாத் தேவல’ என்கிறாள் ஆச்சி. ‘ஆண்டவன் இன்னும் கூப்பிட மாட்டேங்கானே’ என்கிறார் தாத்தா. அது விண்ணப்பமா? மனு எழுதுகிறார்களா? அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ‘நான் இன்னும் இருக்கலாமா? உங்களுக்குச் சம்மதமா?’ அதைத்தான் அவர்களால் நேராகக் கேட்க முடியவில்லை. நம் வீட்டில் அதற்கு ஒரு பதில் உண்டு: ‘சும்மா கெட ஆச்சி, காப்பியக் குடி.’ அந்த ஒரு அதட்டலில் அவளுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. சட்டம் வந்தால் அந்தக் கேள்விக்கு அரசாங்கமும் ஒரு பதில் வைத்திருக்கும். ‘உங்கள் விருப்பம், கையெழுத்துப் போடுங்கள்’ என்பது அந்தப் பதில்.

‘விரும்பியவர்களுக்கு மட்டும்தானே? யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே?’ என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நம் தென்மாவட்டத்திலேயே இருக்கிறது. கருணை என்று சொல்லி உயிரை எடுப்பதற்கு இங்கே ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. தலைக்கூத்தல்.

விருதுநகர் மாவட்டத்தைச் சொல்லித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் காதிலும் விழாத சொல் இல்லை அது. படுக்கையில் கிடக்கும் முதியவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, ஜன்னி கண்டு போக விடுவது. சில இடங்களில் பால் ஊற்றுவது. மண்ணாசை விடவில்லை என்று சொல்லி, மண்ணைக் கரைத்து ஊற்றுவது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பி, எல்லாரும் கூடி, அழுதுகொண்டே செய்வார்கள். வெறுப்பில் செய்கிறோம் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார். ‘கஷ்டப்பட்டது போதும்’ என்பார்கள். கருணை என்ற சொல்லைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்!

2010-இல் விருதுநகர்ப் பக்கம் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டைவிட்டு ஓடினார். தனக்கு நாள் குறித்திருப்பதும், தன் நிலத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசுவதும் அவர் காதில் விழுந்துவிட்டது. உறவினர் வீட்டில் போய் அடைக்கலம் புகுந்தார். எண்பது வயதில் ஓடினார் என்றால், அவருக்கு வாழ ஆசை இருந்தது. ஓடக் கால் இருந்தது. ஓட முடியாமல் கிடந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யார் போய்க் கேட்டது? 2020-இல் திரைக்கு வந்த, தேசிய விருது பெற்ற ‘பாரம்’ படத்தில் பிரியா கிருஷ்ணசாமி இந்த வழக்கத்தைத்தான் எடுத்துச் சொன்னார். அந்தத் தலைப்பையே பாருங்கள். மனுஷரைப் பாரம் என்று முடிவுகட்டிய பிறகு, இறக்கி வைப்பதுதானே பாக்கி?

இந்த விஷயத்தில் என் கையிலும் ஒரு கறை உண்டு. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊரின் பேர் வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்த ஒரு ஆச்சி. ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் என்னிடம் வந்து, இனி என்ன செய்ய என்று கேட்டார். ‘இங்க வச்சிருந்து ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கொண்டு போங்க’ என்றேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். “குளிப்பாட்டலாமா சிஸ்டர்?” என்றார். எனக்கு என்ன தெரியும்? இருபத்திரண்டு வயசு. கடலோர ஊர்க்காரி. படுக்கையில் கிடக்கிற அம்மாவைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைக்கிறாரே என்று சந்தோஷப்பட்டு, ‘தாராளமாக் குளிப்பாட்டுங்க’ என்றேன். நான்காவது நாள் சாவுச் செய்தி வந்தது. ஆயாம்மா எனக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, ‘அவங்க எதக் கேட்டாங்கன்னு ஒனக்கு வெளங்கலியா?’ என்றார்.

அந்த மகன் கொடியவர் இல்லை. ஆச்சியின் தலையை மடியில் வைத்துச் சோறு ஊட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு அனுமதி. வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தியின் வாயிலிருந்து ஒரு ‘தாராளமா’. அது கிடைத்ததும் மனசாட்சி தூங்கிவிட்டது. ஒரு நர்ஸின் ஒரு சொல்லுக்கே இத்தனை பலம் என்றால், நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஒரு சட்டத்துக்கு எத்தனை பலம் இருக்கும்? தலைக்கூத்தல் குற்றம் என்று இருக்கும்போதே நடக்கிறது. குற்றம் இல்லை என்று ஆகிவிட்டால்?

‘ஆச்சியிடமே கேட்டோம், சரி என்று தலையாட்டினாள்’ என்றும் சொன்னார்களாம். தலையாட்டத்தான் செய்வாள். கூடி நிற்கிற முகங்களைப் பார்த்துவிட்டு அவள் வேறு என்ன செய்வாள்?

இதற்கு நேர்மாறான ஒரு கட்டிலும் நம் நாட்டில் இருந்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில். அருணா ஷான்பாக், என்னைப் போல ஒரு நர்ஸ். 1973 நவம்பரில் அதே மருத்துவமனையின் ஊழியன் ஒருவன் நாய்ச்சங்கிலியால் கழுத்தை இறுக்கி, வன்கொடுமை செய்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவிழந்தார். 42 வருஷம் படுக்கை. அவரைச் சாக அனுமதிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவரும் இரக்கத்தில்தான் போனார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கே.இ.எம். நர்ஸுகள் சம்மதிக்கவில்லை. ‘எங்கள் அருணாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றார்கள். 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பு வந்தது. கருவியை விலக்குவதற்கு உயர் நீதிமன்ற அனுமதி என்று ஒரு வழியை வகுத்த அதே தீர்ப்பு, அருணா விஷயத்தில் மனுவைத் தள்ளுபடி செய்தது. அருணாவின் சார்பில் பேச வேண்டிய ‘நெருங்கிய நண்பர்’ யார் என்ற கேள்விக்கு நீதிபதிகள் சொன்ன பதில், ராவும் பகலும் அவரைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனை ஊழியர்கள் என்பது.

சொந்தம் எது என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் உண்டா? புத்தகம் எழுதியவர் ஒரு பக்கம், புண் வராமல் காத்தவர்கள் ஒரு பக்கம். 42 வருஷப் படுக்கையில் படுக்கைப் புண் வராமல் காப்பது என்றால் என்ன என்று என்னைக் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை திருப்ப வேண்டும். அதைத் தலைமுறை தலைமுறையாக, பணிக்கு வந்த புதுப்பிள்ளைகளுக்குக் கைமாற்றிக்கொடுத்துச் செய்தார்கள். அருணாவை ஒரு தடவைகூட எழுந்து நடக்கப் பார்த்திராத பிள்ளைகள் செய்தார்கள். தீர்ப்பு வந்த அன்று அந்த வார்டில் இனிப்புக் கொடுத்தார்கள். 2015 மே 18 அன்று நிமோனியாவில் அருணா போனார். யாரும் அனுப்பிவைக்கவில்லை. தானாகப் போனார்.

கட்டுப்பாடுகளோடு சட்டம் கொண்டுவரலாமே என்பவர்களுக்குக் கனடாவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 2016-இல் சட்டம் வந்தபோது, சாவு நெருங்கிவிட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். ஐந்தே வருஷத்தில், 2021-இல், அந்த வேலியை எடுத்துவிட்டார்கள். 2023-இல் அந்த வழியில் போனவர்கள் 15,343 பேர். நூறு சாவில் ஏறத்தாழ ஐந்து. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1997 முதல், சாவதற்கான மருந்தை நோயாளியே எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் ஒரு சட்டம் உண்டு. ஏன் கேட்டார்கள் என்று வருஷா வருஷம் கணக்கு வெளியிடுகிறார்கள். இத்தனை வருஷக் கணக்கையும் கூட்டிப் பார்த்தால், வலியைச் சொன்னவர்களைவிட ‘குடும்பத்துக்குச் சுமையாகிவிடுவேன்’ என்று சொன்னவர்கள் அதிகம். வசதியான நாடு, சம்பளம் வாங்குகிற நாடு. அங்கேயும் அதே இருபது பீடிக் கணக்குத்தான்!

‘நம் மரபிலேயே வடக்கிருத்தல் உண்டே அம்மா’ என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் கேட்டார். உண்டு. கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தான். அவன் நண்பரான புலவர் பிசிராந்தையார் வந்து கூட அமர்ந்தார். நட்புக்கு அதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். ஆனால் சோழன் ஏன் வடக்கிருந்தான் என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பெற்ற பிள்ளைகள் அவன்மேல் படையெடுத்து வந்தார்கள். அந்த மனக்கசப்பில் உட்கார்ந்தான். பேரரசனுக்கே சாவை நோக்கிய வழி பிள்ளைகளின் வாசலில் தொடங்கியது! அதே பிசிராந்தையார், தனக்கு வயதாகியும் நரை விழாததற்குச் சொன்ன காரணம் என்ன? நல்ல மனைவி, நல்ல மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அறம் வழுவாத அரசன், ஊரில் சான்றோர் பலர். மருந்தின் பேரை அவர் சொல்லவில்லை. சுற்றி இருப்பவர்களைச் சொன்னார்.

சரி, வலி? புற்றுநோய் எலும்புக்குள் இறங்கிவிட்ட ஒருவர் ராத்திரி முழுக்கக் கத்துகிறாரே, அவருக்கு என்ன பதில்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவரை நம்பாதீர்கள். அந்தக் கத்தலை நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் மார்ஃபின். விலை மலிவான மாத்திரை. முறையாகக் கொடுத்தால் பெரும்பாலான புற்றுநோய் வலியை அடக்கிவிடலாம். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தல்காரனுக்குப் போட்ட பூட்டை நோயாளிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டது. உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டதில் ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே நிறுத்தின. 2014-இல்தான் திருத்தம் வந்தது. இன்றைக்கும் எத்தனை ஊர்களில் அந்த மாத்திரை கிடைக்கிறது? வலியைப் போக்கும் மாத்திரையை மக்கள் கைக்குக் கொண்டுசேர்க்காத ஒரு நாடு, உயிரைப் போக்கும் ஊசியை முதலில் கொண்டுவரலாமா?

இந்த மண்டபத்துக்கு வெளியே போய் மேற்கே பாருங்கள். மலை தெரியும். செங்கோட்டையைத் தாண்டிக் கணவாய் வழியாக இறங்கினால் கேரளம். அங்கே 1993-இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய டாக்டர்கள் வலி தணிப்புக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். டாக்டர்களோடு நிற்காமல், மாணவர், கடைக்காரர், ஆட்டோக்காரர் என்று ஊராரே பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போனார்கள். 2008-இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாக்கியது. இன்றைக்கு உள்ளாட்சி மன்றங்களே நர்ஸை வீட்டுக்கு அனுப்புகின்றன. நம் அரசும் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கே வருகிறது. அந்த நர்ஸுகள், இயன்முறை மருத்துவர்கள் பாடுபடுவதை நான் பார்க்கிறேன். ஆனால் ஒரு நர்ஸுக்கு எத்தனை ஊர்! எத்தனை கட்டில்!

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. பெரியவர்களுக்கான டயாப்பர் ஒன்று முப்பது ரூபாய் என்று வைத்தாலும், நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 1,800. அந்த 600 ரூபாய் இடைவெளியில்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் தண்ணீர் குடிக்காமல் படுத்துக்கிடக்கிறார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், போனில் முகம் பார்க்கிறார்கள், அழுகிறார்கள். போன் வழியாகத் திருப்பிப் படுக்கவைக்க முடியாதே! சட்டம் வந்தால், போன் வழியாகச் சம்மதம் சொல்ல மட்டும் முடியும்.

அந்த நெசவாளி அண்ணாச்சி அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். அதில் ஒரு பெருநாள், ஒரு பொங்கல், மகனின் ஒரு விடுமுறை எல்லாம் வந்தன. கடைசி இரண்டு வாரம் கஷ்டம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். மூச்சு இழுத்த ராத்திரியில் மருமகள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, விடியும்வரை அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு நான் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும். உடம்பு கனத்த ஒரு ஆச்சி, நான் ஒருத்தியாகத் திருப்ப முடியவில்லை. என்னோடு வர இரண்டு பேர் வேண்டும். ஆம்பளை, பொம்பளை யார் வந்தாலும் சரி. ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம், நான் சொல்லித்தருகிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் செருப்பு கிடக்கிற இடத்தில் நிற்பேன்.